சந்தனம் வைத்த போல்ட்

ஃப்யூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டேன். பை கனக்கிறது, குனிந்தால் நெஞ்சில் இடிக்கிறது. இடிக்கட்டும். போர்டுக்குப் போய்ப் பார்த்தேன், மூன்று குழியும் காலி. மெஷினிடம் திரும்பி வந்ததும் சந்தேகம் வந்தது, மறுபடி போய்ப் பார்த்தேன். காலிதான். பைக்குள் விரலை விட்டு எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த ரஹீம் பாய் தலை நிமிராமலே, "என்ன தம்பி, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்றார். இல்லை பாய், சும்மா பார்த்தேன் என்றேன். அறுபது வயது மனிதர், பாலிஷ் வாசனையிலேயே வாழ்கிறவர், அவருக்கு என்ன தெரியும். தெரிந்திருந்தால் இந்த அரியமங்கலம் ஷெட்டுக்குள் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பாரா. மணி ஏழே முக்கால். ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்வரை நல்ல நேரம் என்று மங்கை காலண்டர் தாளைக் கிழித்தே கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள், நான் மறந்துவிடுவேனாம். ஒன்பதே காலுக்குத் தட்டோடு வருவாள், சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம். அவளுடைய தம்பி தாயுமானவனும் வருவான். மரம் அறுக்கிற இந்தப் புது மெஷினில், டேபிள் சாவில், முதல் வெட்டு அவன் கையால்தான். "என் தம்பி கை படாம அந்த ஷெட்டுல எந்த மெஷினும் ஓட வேணாங்க," என்று என் பெண்டாட்டி தீர்த்துச் சொல்லிவிட்டாள். அந்தக் கையில் இப்போது மூன்று விரல்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் பழைய மெஷினில் போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஏன் போயிற்று என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள், தாயு பேசிக்கொண்டே மரத்தைத் தள்ளினான் என்று. அப்படிச் சொன்னது நான். அது பொய். இன்றைக்கு அவன் அந்தப் பிளேடுக்கு முன்னால் வந்து நிற்பதற்குள் நான் அதைச் சொல்லியாக வேண்டும், சொல்லவில்லை என்றால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், என்னை எனக்குத் தெரியாதா.

மெஷின் கால் நான்கின் போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் முடுக்கி வைத்தேன். ஸ்பேனர் போடக்கூடாது, இன்னும் நேரமிருக்கிறது. நிமிர்த்தி நிறுத்தி, தரையில் உட்காரவிட்டு, எந்தக் கால் தூக்குகிறது என்று பார்த்து, ஆட்டம் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். ஆட்டத்தோடு இறுக்கினால் ஆட்டம் உள்ளேயே இருந்துவிடும். ரசமட்டத்தை மேஜைமேல் வைத்தேன். குமிழி வாசல் பக்கம் ஓடியது. எதிர்ப்பக்கக் காலுக்கு அடியில் தகடு ஒன்று வைத்தேன், குமிழி திரும்பி வந்தது. எத்தனை சுலபம். பழைய மெஷின் நின்ற இடத்தில் சிமெண்டில் நாலு வட்டத் தழும்பு இருக்கிறது, அதன்மேலேயே இதை நிறுத்துங்கள் என்று இறக்கிவைத்த ஆட்கள் சொன்னார்கள், வேண்டாம், இரண்டடி தள்ளி வையுங்கள் என்றேன். வாஸ்துவா சார் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எனக்குப் பொய் எவ்வளவு சீக்கிரம் வருகிறது பாருங்கள், வாயைத் திறப்பதற்குள் அது வெளியே வந்து நிற்கிறது. அந்தத் தழும்புக்கு முன்னால் நின்றுதான் தாயு பேசுவான், பேசிக்கொண்டே இருப்பான். கிரிக்கெட், பக்கத்து ஷெட் வெல்டர் கல்யாணம், காவிரியில் தண்ணீர் வந்தது, வராதது. வாய் ஓயாது. ஆனால் மெஷின் ஸ்விட்சைத் தட்டிவிட்டால் அத்தோடு வாயை மூடிவிடுவான், பல்லுக்கு நடுவில் நாக்கு நுனி கொஞ்சம் வெளியே தெரியும், கண் பிளேடை விட்டு அசையாது. ஆறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மெஷின் ஓடும்போது அவன் பேசி நான் பார்த்ததே இல்லை. மங்கை அதையெல்லாம் பார்த்ததில்லை, அவளுக்குத் தெரிந்தது வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கையாட்டிப் பேசுகிற தம்பி. அதனால்தான் என் பொய் அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பொய்யை அந்த நிமிஷத்தில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிளேடு. பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெய்த் தாளைப் பிரித்தேன், பற்கள் என் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், மேலே வந்து என்னை நோக்கி இறங்க வேண்டும். மாட்டி, ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, நட்டை இறுக்கினேன். அளவோடு இறுக்கு, கோபத்தைக் காட்டாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யார்மேல் கோபம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை பெயிண்ட் அடித்த பெஞ்சு, அதில் ஒரு கால் குட்டை, உட்கார்ந்தால் ஆடியது. என் சட்டையெல்லாம் அவன் ரத்தம், அதில் மரத்தூள் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. மங்கை ஓடி வந்தாள், விஜயதசமிக்குக் கட்டிய புதுப் புடவை. செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது. "என்னங்க ஆச்சு? எப்படிங்க ஆச்சு?" என்றாள். அப்போது நான் சொன்னேன், "பேசிக்கிட்டே தள்ளிட்டான் மங்கை." மூன்றே வார்த்தை. யோசித்துச் சொல்லவில்லை என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். யோசிக்காமல் வந்ததுதான் நான், யோசித்திருந்தாலாவது வேறு ஒருவன் வந்திருப்பான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தன தடவ சொல்லியிருக்கேன், வாய அடக்குடா அடக்குடான்னு." உள்ளே அவனுக்கு மயக்க ஊசி போட்டிருந்தார்கள். அவன் கண் விழிப்பதற்குள் அந்த மூன்று வார்த்தை மாமியார், பெரியப்பா, ஷெட்டு ஆட்கள், எல்லாரையும் சுற்றி வந்துவிட்டது. கண் விழித்தவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மரம் மேலே எழும்பியதுகூட ஞாபகமில்லை. எல்லாரும் சொன்னதை அவனும் வாங்கிக்கொண்டான். "மாமா, மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று என்னைக் கேட்டான். அதற்குப் பதிலாக நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்தேனே, இந்தக் கையால்.

அதற்குப் பிறகு அவன் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். ஷெட்டில் போன் எடுப்பது, சாமான் எழுதி வாங்குவது, இதெல்லாம் பார்க்கிறான், வாயைத் திறக்க ஒரு நிமிஷம் யோசிக்கிறான், என்னமோ வாயைத் திறந்தால் இன்னொரு விரல் போய்விடும் போல. முன்பெல்லாம் புது டின் திறந்தால்கூட ரஹீம் பாய் அவனைத்தான் கூப்பிடுவார், கைராசிக்காரன், நீ திற தாயு, பளபளப்பு நிற்கும் என்பார். புது வீட்டுக்காரர்கள் நிலைக்கதவு மாட்டும்போது அவனை முதல் ஆணி அடிக்கச் சொல்வார்கள். இப்போது பாய் தன் டின்னைத் தானே திறந்துகொள்கிறார், அதுவும் திரும்பி நின்றபடி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் ஸ்பூன் கேட்கிறான். பந்தியில் உட்கார்வதை விட்டுவிட்டான், கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருகிறான். நான் எதிரே உட்கார்ந்து ஐந்து விரலாலும் சோற்றைப் பிசைகிறேன், குழம்பு ஊற்றச் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் ரசம் என்கிறேன். எப்படி இறங்குகிறது எனக்கு. மங்கை அவன் தட்டில் அப்பளத்தை வைத்துவிட்டு என்னிடம், "பட்டாத்தான் புத்தி வருது, பாத்தீங்களா, எவ்வளவு அடக்கமா ஆயிட்டான்," என்றாள் ஒருநாள். அடக்கமாம். போன வாரம் அவன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு பலகைத் துண்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தான், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, உதட்டை அப்படி அழுத்தி மூடிக்கொண்டு. மறுபடி எடுத்துவந்து மறுபடி தள்ளினான். பேசாமல் இருக்கப் பழகுகிறான். நான் கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன், கொண்டுபோன வாழைப்பழத்தை வழியிலேயே ஒரு மாட்டுக்குப் போட்டேன்.

சரி, வேலையைப் பார். பிளேடில் ஒரு பல்லுக்குச் சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்தேன். மேஜையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில், காடியில், ஒரு சட்டத்தை ஆட்டமில்லாமல் பொருத்தி, அதன் முனையில் ஒரு திருகாணி, திருகாணித் தலை அந்தச் சிவப்புப் பல்லை இதோ தொட்டும் தொடாமலும் உரசுகிற மாதிரி. முன்பக்கம் வைத்துப் பிளேடைக் கையால் லேசாக ஆட்டினால் கிர் என்று ஒரு சின்ன உரசல். இப்போது அதே பல்லைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், சட்டத்தையும் பின்னால் தள்ளி, அங்கேயும் அதே உரசல் வருகிறதா என்று கேட்க வேண்டும். அதே பல்தான், வேறு பல் கூடாது, பல்லுக்குப் பல் வித்தியாசம் இருக்கும். முன்னால் கிர் என்றது. பின்னால் சத்தமே இல்லை. அப்படியென்றால் பின்னால் விலகியிருக்கிறது. மேஜைக்கு அடியில் படுத்து நாலு போல்ட்டில் மூன்றைத் தளர்த்தி, கொட்டாப்புளியால் ஓரத்தில் மெல்ல ஒரு தட்டு தட்டினேன். மறுபடி கேட்டேன். இப்போது பின்னால் கர் என்று அதிகமாக உரசியது. இன்னொரு பக்கம் பாதித் தட்டு. கிர். முன்னால், கிர். பின்னால், கிர். இறுக்கிவிட்டு மறுபடி பார்த்தேன், ஏனென்றால் இறுக்கும்போது நகரும், அதுதான் இதில் உள்ள துரோகம், சரியாக வைத்தது இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். நகரவில்லை. நாலாவது தடவையும் பார்த்தேன். இதற்கு இருபது நிமிஷம்தான் ஆகிறது. இருபது நிமிஷம், வேறொன்றுமில்லை. அன்றைக்கு அந்த இருபது நிமிஷம் என்னிடம் இருந்தது. மறந்துவிட்டேன், ஆயுத பூஜை அவசரத்தில் மறந்துவிட்டேன், மனிதன்தானே, மறக்காதா.

இல்லை. மறக்கவில்லை. இங்கே வந்துதான் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறேன், மறந்தேன் என்று ஆரம்பித்து இங்கே வந்து நின்றுவிடுகிறேன். பூஜைக்கு முந்தின சாயங்காலம் மெஷினைக் கழற்றிப் பிசினும் தூளும் போகத் துடைத்தோம். கைடையும் கழற்றினேன், அதாவது மரம் சாய்ந்துகொண்டு போகிற அந்த நீள இரும்புச் சட்டம், அது பிளேடுக்கு நேராக நிற்க வேண்டும், பின்பக்கம் பிளேடை நெருங்கி நின்றால் மரத்தை நெருக்கிப் பிடித்துத் தூக்கி எறியும். கைடைத் திரும்ப மாட்டி விரலால் முடுக்கி வைத்தேன், காலையில் அளவு பார்த்து இறுக்கலாம் என்று. காலையில் மங்கை வந்துவிட்டாள். எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம் வைத்தாள், கைடுக்கும் வைத்தாள், அந்த போல்ட் தலைக்கும் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம். பிளேடுக்கு எலுமிச்சை மாலை போட வேண்டும் என்று மேல்மூடியையும் நானே கழற்றிக் கொடுத்தேன். பொட்டு வைத்த பிறகு அன்றைக்கு எதையும் தொடக்கூடாது, ஸ்பேனரும் பூஜையில் இருக்கிறது. சரி, நாளைக்கு. மறுநாள் விஜயதசமி, ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால்வரை நல்ல நேரம், நான் வீட்டிலிருந்து கிளம்பியதே லேட். வந்து சேர்ந்தபோது எட்டு நாற்பது. தாயு மரத்தோடு நிற்கிறான். நான் கைடைப் பார்த்தேன். பார்த்தேன். போல்ட்மேல் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை என்று சொல்வதுபோல். என் கை ஸ்பேனர் பக்கம் போயிற்று, போனது எனக்குத் தெரியும். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். சந்தனத்தைக் கலைக்க வேண்டுமே, இருபது நிமிஷம் ஆகுமே, நேரம் தாண்டிவிடுமே, ஒரு வெட்டுதானே, ஒரே ஒரு வெட்டு, பூஜைக்கு. கைடை இறுக்கக்கூட இல்லை, கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "தள்ளு மாப்ளே, நேரம் போவுது," என்றேன். அவன் தள்ளினான். வாயைத் திறக்கவே இல்லை, நாக்கு நுனி வெளியே தெரிந்தது. பாதி தூரம் போய் மரம் அலறியது, பிறகு மேலே எழும்பியது, அவன் கை அது இருந்த இடத்தில் விழுந்தது. எத்தனை மில்லி கோணல் என்று எனக்குத் தெரியாது. அரை மில்லியா, ஒன்றா, இரண்டா. தெரிந்துகொள்ள வழியில்லாமல் நானே பண்ணினேன். எல்லாரும் மெஷினுக்குத் திருஷ்டி என்றார்கள், நானும் ஆமாம் ஆமாம் என்று வாசலில் பூசணிக்காய் உடைத்தேன், மூன்றாம் நாளே மெஷினைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டேன். ராசியில்லாத மெஷின் என்றேன். அதன் கைடை யாராவது அளந்து பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான்.

எட்டரைக்கே தாயு வந்துவிட்டான். நல்ல சட்டை, கையை மடித்து விட்டிருந்தான், வலது கை பேண்ட் பைக்குள். "வா மாப்ளே, சாப்ட்டியா?" என்றேன். தலையை ஆட்டினான். மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தான், ஆனால் பிளேடு இருக்கும் பக்கம் வந்ததும் ஒரு அடி விலகி நடந்தான், அவனுக்கே தெரியாமல். ஓட்டிப் பார்க்க வேண்டும், மரமில்லாமல் சும்மா ஓட்டி ஆட்டம் இருக்கிறதா என்று. ஃப்யூஸ் கட்டைகளைக் கொண்டுபோய்ச் சொருகினேன். பக்கவாட்டில் நின்று ஸ்விட்சைத் தட்டினேன். ஹோ என்று எழும்பி, பிறகு சீராக ஒரே இரைச்சல். மேஜையில் நிறுத்திவைத்த காசு விழவில்லை, அவ்வளவு சுத்தம். தாயு எனக்கு எதிரே நின்று காசையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சொன்னேன். இரைச்சலுக்குள் முழுவதும் சொன்னேன், தாயு, அன்னைக்குக் கைடு கோணல், நான் பாக்கலை, தெரிஞ்சே பாக்கலை, நீ பேசலைடா, நான்தான் அப்படிச் சொல்லிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன சுகமாக இருந்தது தெரியுமா, வாந்தி எடுத்த பிறகு வருமே, அந்தச் சுகம். என் வாய் அசைவதைப் பார்த்து அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்தான், மூன்று விரல் கை. ஸ்விட்சை அணைத்தேன். பிளேடு சுற்றி, சுற்றி, தளர்ந்து, ஒவ்வொரு பல்லாகத் தெரிய ஆரம்பித்து, சிவப்புப் புள்ளி தெரிந்து, நின்றது. "என்ன மாமா சொன்னீங்க?" என்றான். இதோ, இப்போது, ஷெட்டே நிசப்தம், பாயின் உப்புத்தாள்கூட நின்றிருக்கிறது. "பெல்ட்டு சத்தம் போடுதான்னு கேட்டேன்," என்றேன். அவன் நிதானமாக யோசித்துவிட்டு, "இல்ல மாமா, நல்லாருக்கு," என்றான். நான் போய் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கினேன். மூன்றும் லேசாகச் சுட்டன, பையில் போட்டதும் நெஞ்சில் பட்டது. தூ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், காறித் துப்பக்கூட எனக்கு அருகதை இல்லை.

மிச்சம் இருப்பது கைடும் மூடியும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிதகட்டை, வெட்டிய மரம் திரும்பச் சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் பிரித்து வைக்கிற தகட்டை, பிளேடுக்கு நேர்க்கோட்டில் மாட்டினேன். மூடியை மாட்டினேன். இந்த ஊரில் புது மெஷின் வந்ததும் எல்லாரும் முதலில் கழற்றி மூலையில் எறிவது இந்த இரண்டையும்தான், பார்வையை மறைக்குது என்று. நான் எறிய மாட்டேன், எவ்வளவு நல்லவன். தள்ளு கட்டை ஒன்று செய்து மேஜை ஓரத்தில் வைத்தேன், விரல் பிளேடுப் பக்கம் போகாமல் மரத்தை அதைக்கொண்டு தள்ள. கைடைப் பொருத்தி, காடி ஓரத்திலிருந்து கைடுவரை ஸ்கேலை வைத்தேன். முன்னால் நூற்று இருபது மில்லி. பின்னால் நூற்று இருபதும் ஒரு கோடும். நல்லதுதான், பின்னால் ஒரு மயிரிழை விலகி இருக்கலாம், நெருங்கித்தான் இருக்கக்கூடாது. ஆனால் ஒரு கோடு அதிகம். தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி, அளந்து, மறுபடி தளர்த்தினேன். தாயு பார்த்துக்கொண்டு நின்றான். இவன் என்ன நினைக்கிறான், மாமா எனக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைக்கிறானா. அப்படித்தான் நினைப்பான். அதைவிட அவன் என்னைச் செருப்பால் அடிக்கலாம். சொல்லிவிடலாம், பாயை டீ வாங்க அனுப்பிவிட்டுச் சொல்லலாம், மங்கை வருவதற்குள் சொல்லலாம், முதல் வெட்டு நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லலாம், நல்ல காரியத்துக்கு நடுவில் எதற்கு. பார், மறுபடி. மறுபடி நல்ல நேரத்துக்குப் பின்னால் போய் ஒளிகிறேன். வாசலில் ஆட்டோ நின்றது. கைடு போல்ட்டை நான் இன்னும் இறுக்கவில்லை, விரலால்தான் முடுக்கியிருந்தேன்.

மங்கை தட்டோடு வந்தாள். தலைக்குக் குளித்து ஈரத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு, பத்து மாதத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. "முடிஞ்சுதாங்க? மணி ஒம்பது இருவது," என்றாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கற்பூரத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்து, பாயிடம் தீப்பெட்டி வாங்கி ஏற்றி, சந்தனக் கிண்ணத்தில் விரலைக் குழைத்தாள். மேஜைக்கு வைத்தாள். மூடிக்கு வைத்தாள். வைத்துக்கொண்டே திரும்பாமல், "தாயு, இந்தத் தடவையாச்சும் வாய மூடிக்கிட்டுத் தள்ளுடா. கண்ணு அங்கயே இருக்கட்டும், அக்கா கும்புட்டுக் கேக்கறேன்," என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா," என்றான். நான் சொன்ன வார்த்தைதான் அது. என் வாயிலிருந்து போய், பத்து மாதம் அவள் வாயில் இருந்து, இதோ அவன் தலையைக் குனிய வைத்தது. அவள் விரல் கைடு பக்கம் வந்தது, மூன்று விரல், ஈரச் சந்தனம், அந்த போல்ட் தலைக்கு ஒரு சாண் தூரத்தில்.

"வைக்காத," என்றேன்.

"என்னங்க?"

"அத இறுக்கல. அளக்கலை." போல்ட் தலையைக் கையால் மறைத்தேன். "அன்னைக்கும் அளக்கலை. நீ பொட்டு வச்சிட்டேன்னு, நேரம் போவுதுன்னு, தெரிஞ்சே தள்ளச் சொன்னேன். கைடு கோணலா இருந்திருக்கு. அதான் மரம் தூக்குச்சு. அவன் கையில தப்பில்ல மங்கை. நான்தான்."

சந்தனம் அவள் விரலிலிருந்து மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அந்த போல்ட்டைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். நான் அவளையும் அதில் இழுத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ பொட்டு வச்சிட்டேன்னு என்று ஏன் சொன்னேன், சொல்லும்போதுகூட ஒரு ஓரத்தை அடுத்தவர் தலையில் கட்டாமல் எனக்கு வராதா. "நீ வச்சதுல ஒண்ணுமில்ல," என்று குழறினேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

தாயு என் பக்கம் ஒரு அடி வந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா நான் பேசிட்டுத்தானே மாமா தள்ளினேன்?" என்றான்.

நான் ஸ்கேலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"என்ன பேசினேன்னு பத்து மாசமா யோசிச்சுப் பாக்கறேன். தெனமும் படுத்துக்கிட்டு யோசிப்பேன். அப்படி என்ன பேச்சு, விரல் போற அளவுக்கு. ஒரு வார்த்தையும் ஞாபகம் வரலை. மண்டையில ஏதும் கோளாறான்னு டாக்டர்கிட்டகூடப் போய்க் கேட்டேன். நீங்க பக்கத்துல நின்னீங்க, உங்களக் கேட்டா வருத்தப்படுவீங்கன்னு கேக்கலை." இத்தனை வார்த்தை அவன் சேர்த்துப் பேசி எவ்வளவு நாள் ஆகிறது. "நான் அன்னைக்கு என்ன மாமா பேசினேன்?"

"நீ பேசலை," என்றேன். "ஒரு வார்த்தைகூடப் பேசலை தாயு. நீ பேசினதாச் சொன்னதும் நான்தான்."

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள், சந்தனக் கையாலேயே. கன்னத்தில் மூன்று கோடாக அப்பியது. கற்பூரம் எரிந்து முடிந்து தட்டில் கறுப்பாகச் சுருண்டது. தாயு குனிந்து மூடிக்கு அடியில் பிளேடைப் பார்த்தான், அதில் சிவப்புப் புள்ளி வைத்த பல் மேலே இருந்தது. பிறகு பேண்ட் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தான்.

"அக்கா, எதுக்கும் பொட்டு வைக்காத. இரு. அளந்துட்டுச் சொல்றேன்," என்றான். பிறகு அந்தக் கையை என் முன்னால் நீட்டினான். "ஃப்யூஸ் கட்டையக் குடுங்க. மூணும். ஸ்கேலையும் குடுங்க."

மாமா என்று சொல்லவில்லை. நான் பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். மூன்று விரலையும் மடக்கி அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.